ஐந்நூறு ரூபாயும் ஒரு பெயரும்

தவக்காலம் பிறந்துவிட்டால் நம் பங்கின் கிளைக் கிராமங்களில் இரண்டு ஓசைகள் கேட்கத் தொடங்கும். மாலையில் சிலுவைப்பாதைப் பாடல். பகல் முழுவதும் திண்ணைகளில் புளி தட்டும் ஓசை. மாசி, பங்குனியில் உலுக்கி இறக்கிய புளியம்பழத்தின் ஓட்டை நீக்கி, நாரை உரித்து, சிறு கட்டையால் தட்டிக் கொட்டை எடுப்பது தருமபுரி மாவட்டப் பெண்கள் பலருக்குப் பழகிப்போன வீட்டுவேலை. புளி வியாபாரியுடையது, தட்டும் கை இவர்களுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விரல்களில் ஏறிய கறை உயிர்ப்புப் பெருவிழா வரையிலும் போகாது. நற்கருணைக்காக நீளும் கைகளைப் பார்த்தே எந்த வீட்டுக்குப் புளி மூட்டை வந்து இறங்கியிருக்கிறது என்று நாம் அறிந்துகொள்வதுண்டு.

அப்படிப்பட்ட ஒரு தாயின் மகள், வணிகவியல் படித்து, ஓசூரில் இரண்டாண்டுகள் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதிவிட்டு, ஊர் திரும்பியிருந்தாள். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் திருவுடை களைந்துகொண்டிருந்தபோது சக்றீஸ்து வாசலில் வந்து நின்றாள். கையில் கொட்டை நீக்கிய புளி இரண்டு கிலோ; மற்றொரு கையில் கைப்பேசி.

அவள் எண்ணம் எளிமையானது. மரக்காரர்களிடம் நேரே பழம் வாங்குவது, தன் தாயையும் தெருப்பெண்களையும் கொண்டு பதப்படுத்துவது, சென்னையிலும் பெங்களூரிலும் உள்ளவர்களுக்கு இணையத்தின் வழியே விற்று அஞ்சலில் அனுப்புவது. சித்தப்பா மகன் ஒருவன் இணையக் கடையை அமைத்துக் கொடுத்துவிட்டான். படம், விலை, முகவரிக் கட்டம் எல்லாம் இருந்தன. பணம் வாங்கும் வழி ஒன்றுதான் இல்லை.

இவ்விடத்தில் நாம் செய்த பிழையை மறைக்காமல் எழுதிவிடுவதே முறை.

அவளுடைய சேமிப்புக் கணக்கு பள்ளிக் காலத்தில் தொடங்கியது. அதனோடு இணைக்கப்பட்டிருந்தது தந்தையின் கைப்பேசி எண். அதைக் கொண்டு அவள் யு.பி.ஐ. வழியே பணம் பெற இயலாது. பருவமோ போய்க்கொண்டிருந்தது. ஆண்டுக்குரிய புளியைக் குடும்பங்கள் வாங்கி உப்பிட்டு வைக்கும் காலம் அதுதான். கணக்கைச் சீர்செய்யும் வரையில் ஆகட்டும் என்று நம்முடைய கியூ.ஆர். படத்தையே அவள் கடையில் ஒட்டிக்கொள்ளச் சொன்னோம். பங்குச்சாமியின் பெயர் திரையில் தெரிந்தால் வெளியூரில் இருக்கும் நம் மக்கள் தயங்காமல் அனுப்புவார்கள் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் சிறிது பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது அறிகிறோம்.

பணம் வந்தது. இரண்டு கிலோவுக்கு அஞ்சல் செலவுடன் ஐந்நூறு ரூபாய். நாள்தோறும் மாலையில் அவள் வந்து தன் பட்டியலோடு நம் கைப்பேசியில் உள்ள வரவுகளை ஒப்பிட்டு எழுதிக்கொள்வாள். ஒருநாள் பட்டியலில் பதினாறு பேர். வரவில் பதினேழு ஐந்நூறு. யாரோ முகவரி எழுத மறந்துவிட்டார்கள், பொட்டலம் வரவில்லை என்று அவர்களே அழைப்பார்கள் என்று இருவரும் முடிவு செய்தோம். அந்த ஐந்நூறும் புளிக் கணக்கில் சேர்ந்தது.

நான்கு நாள் கழித்து, காலை ஆறு மணித் திருப்பலியில் பின் வரிசையில் ஒரு பெரியவரைக் கண்டோம். பிள்ளைகளோடு பெங்களூரில் இருப்பவர். இரவுப் பேருந்தில் வந்திறங்கி நேரே கோவிலுக்கு வந்திருந்தார். திருப்பலி முடிந்ததும் காணவில்லை. மாலையில் தொலைபேசியில் அழைத்தார்.

“சாமி, அன்னிக்கு அனுப்பின பூசைப் பணம் வந்து சேரலீங்களா?”

மனைவியின் முதலாமாண்டு நினைவுநாள். மருமகனின் கைப்பேசியிலிருந்து அனுப்பச் செய்திருக்கிறார். திரையில் மருமகனின் பெயர். கருத்து எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. நம்மிடம் முன்னரே சொல்லியிருப்பதாக அவர் எண்ணம். சொல்லவும்தான் சொல்லியிருந்தார், சாம்பல் புதனன்று நூறு பேர் நடுவில். இறந்தோர் பெயர்களை வாசித்தபோது தம் மனைவியின் பெயருக்காகக் காத்திருந்து, வராமற்போகவே, கல்லறைக்குப் போய்விட்டு அடுத்த பேருந்தைப் பிடித்துவிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. பணம் வழியில் தொலைந்திருக்குமோ என்ற கவலைதான் இருந்தது. கோபித்திருந்தால் நமக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 958ஆம் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் திருப்பலிக் காணிக்கைக்கெனத் தனி ஏடு வைத்து, எண்ணிக்கை, கருத்து, காணிக்கை, நிறைவேற்றம் ஆகிய நான்கையும் பிழையின்றிக் குறிக்கப் பணிக்கிறது. குருமடத்தில் இதைப் படித்த நாளில், இறையியலுக்கு நடுவே இது என்ன எழுத்தர் வேலை என்று நினைத்ததுண்டு. எத்தனை கண்ணீருக்குப் பிறகு அச்சட்டம் எழுதப்பட்டிருக்கும் என்பது அன்று மாலைதான் உறைத்தது. மறுநாள் அவருடைய மனைவிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். ஆனால் நினைவுநாள் போனது போனதுதான்.

கியூ.ஆர். படத்தை அன்றிரவே கடையிலிருந்து எடுக்கச் சொன்னோம். இனி ஒழுங்கான வழியில் அவள் பெயரிலேயே செய்வது என்று தீர்மானித்தோம்.

ஒழுங்கான வழி என்றால் என்ன என்பதை, தெரியாத வாசக அன்பர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். இணையக் கடைக்கும் வங்கிகளுக்கும் நடுவே நின்று, வாங்குபவர் அட்டை, வங்கிக் கணக்கு, யு.பி.ஐ. ஆகிய எதன் வழியே செலுத்தினாலும் பெற்று, கடைக்காரர் கணக்கில் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. பேமென்ட் கேட்வே என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பிறர் பணத்தைக் கையில் வைத்திருக்கும் தொழில் ஆகையால் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17 அன்று இவர்களுக்கு நெறிமுறை வகுத்தது. 2025 செப்டம்பரில் அதை விரிவாகத் திருத்தி அமைத்தது. வரும் பணத்தை நிறுவனத்தார் தம் சொந்தப் பணத்தோடு கலக்கக்கூடாது, ஒரு வணிக வங்கியில் எஸ்க்ரோ எனப்படும் தனிக்கணக்கில் வைக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான விதி. நாம் பூசைக் காணிக்கையையும் புளிப் பணத்தையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தவர்கள். அவ்விதியைப் படித்தபோது முகம் சிவந்தது.

விண்ணப்பம் தொடங்கியதும் பெயர்ச் சிக்கல் எழுந்தது. நம் தமிழ்நாட்டில் முதலெழுத்துப் பழக்கம் இருக்கிறதல்லவா? அது கணிப்பொறிக்குப் புரிவதில்லை. வங்கி ஏட்டில் அவள் பெயருக்கு முன்னே தந்தை பெயரின் முதலெழுத்து. பான் அட்டையிலோ தந்தையின் முழுப்பெயர் பின்னே வந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருந்தது. ஆதாரில் பள்ளிச் சான்றிதழின்படி வேறோர் எழுத்துக்கூட்டல். பங்கின் திருமுழுக்கு ஏட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் வீட்டில் யாரும் அழைத்திராத ஒரு புனிதையின் பெயர். அதே அலமாரியில், 1997இல் நம் மறைமாவட்டம் உருவாகும் முன் சேலம் மறைமாவட்டமாக இருந்த நாளின் ஏட்டில், அவள் தந்தையின் பெயரும் இன்னொரு விதமாக இருந்தது. ஒரே பெண்ணுக்கு நான்கு பெயர்கள். ஆண்டவருக்கு இதில் குழப்பம் இராது, கேட்வேக்கு இருந்தது.

பெயரைச் சரிபார்க்க அவர்கள் கையாளும் முறை வியப்பானது. தரப்பட்ட வங்கிக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்புகிறார்கள். அனுப்பியதும் அக்கணக்கு யாருடையது என்று வங்கி அறிவிக்கும் பெயரை விண்ணப்பத்தில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு ரூபாய் வந்தது. பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. முன்பெல்லாம் பங்குச்சாமியின் கடிதத்தைக் கொண்டுபோனால் பள்ளியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் காரியம் நடக்கும். இங்கே நம் முத்திரைக்கு மதிப்பில்லை.

அவள் தந்தை ஒருநாள் மாலை வந்தார். நல்லவர், மகளின் அலைச்சலைக் காணப் பொறுக்கவில்லை. “அண்ணங்காரன் பேர்ல போட்டுட்டா என்னங்க சாமி? அவனுக்கு எல்லாக் காகிதமும் சரியா இருக்கு. வீட்டுப் பணந்தானே?” என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நாமும் தலையசைத்திருப்போம். எளிதான வழி, யாருக்கும் தீங்கு நினைக்காத வழி. ஆனால் அப்படிச் செய்தால் வரவு முழுதும் சட்டத்தின் கண்ணில் அண்ணனுடைய வருமானம். நாளை அவனுக்குத் திருமணமாகி வீட்டில் ஒரு பேச்சு வந்தால், கடை யாருடையது என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுக் காகிதமும் இராது. தட்டும் கை இவர்களுடையது, புளி வேறொருவருடையது என்ற பழைய கதைதான் புதிய எழுத்தில் திரும்பி வரும். இதைத் தந்தையிடம் மெதுவாகச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் வங்கிக்குத் தாமே மகளை வண்டியில் அழைத்துச் சென்றார்.

வங்கிக் கணக்கில் பெயர் திருத்தி, கைப்பேசி எண் மாற்ற மூன்று வாரம். உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு 2020 சூலை முதல் நடப்பில் உள்ளது. ஆதார் எண்ணைக் கொண்டு கட்டணமின்றிக் கிடைத்தது. உணவுப்பொருள் ஆகையால் உணவுப் பாதுகாப்புப் பதிவு ஒன்று. ஜி.எஸ்.டி. பற்றிப் பயந்தோம். உலர்ந்த புளிக்கு 2019 அக்டோபர் முதல் வரி இல்லை. வரியற்ற பொருளை மட்டுமே விற்பவர் பதிவு செய்யவும் தேவையில்லை. புளிக்காய்ச்சல் செய்து பெங்களூருக்கு அனுப்பினால் கதை வேறு. வரியுள்ள சரக்கு மாநில எல்லை தாண்டினால், கைவினைப் பொருள் போன்ற சிலவற்றைத் தவிர, விற்பனை எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம். அதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தாள். கடையின் பக்கத்தில் முகவரி, பொருளைத் திருப்பித் தந்தால் பணம் எப்போது கிடைக்கும், வாங்குபவர் விவரங்களை என்ன செய்வோம் என்பவற்றையெல்லாம் எழுதி வைத்த பிறகே அவர்கள் ஒப்புதல் தந்தார்கள்.

ஒப்புதலோடு இரண்டு குறியீடுகள் வந்தன. ஒன்று வெளியே தெரியலாம், மற்றது இரகசியம். இரண்டும் சேர்ந்தால்தான் வந்த செய்தி உண்மையானது என்று கடை அறியும். இதைப் படித்தபோது நமக்குத் தோபித்து நூல் நினைவுக்கு வந்தது. பார்வையிழந்த தோபித்து, மேதியா நாட்டிலிருந்த கபேலிடம் பத்துத் தாலந்து வெள்ளியை ஒப்படைத்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒப்பந்தச் சீட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி தோபித்திடம், மறு பாதி பணத்தோடு. மகனை அனுப்பும்போது அந்தப் பாதியைக் கொடுத்து அனுப்புகிறார். இரபேல் தூதர் அச்சீட்டோடு சென்றபோது கபேல் பணப்பைகளை முத்திரை குலையாமல் எண்ணிக் கொடுக்கிறார். வெள்ளி வழி மாறாமல் வந்து சேர அந்தப் பாதிச் சீட்டும் வேண்டியிருந்தது. வானதூதரே போனாலும் சீட்டு இல்லாமல் போகவில்லை. இந்தக் கதையை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான், சித்தப்பா மகன் அந்த இரகசியக் குறியீட்டை நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் உதவி கேட்டுப் போட்டிருந்தது தெரியவந்தது. உடனே பழையதை நீக்கிப் புதியது வாங்க வைத்தோம். மறையுரைக்கு இவ்வளவு விரைவாகப் பலன் கிடைத்தது நம் வாழ்வில் அரிது.

முதலில் சோதனை முறை. பொய்ப்பணத்தைக் கொண்டு பொய்யாக வாங்கிப் பார்ப்பது. இருபது முறை வாங்கினோம். எல்லாம் சரியாக வந்தது. உண்மைப் பணத்துக்கு மாற்றிய அன்று, முதல் வாடிக்கையாளரே சிக்கினார். சென்னையில் ஓர் அம்மையார். அவர் கணக்கிலிருந்து ஐந்நூறு போய்விட்டது. கடையிலோ ‘பணம் வரவில்லை’ என்று இருந்தது. செலுத்தியதும் அவர் பக்கத்தை மூடிவிட்டிருக்கிறார். அவருடைய திரை திரும்பி வந்து சொன்னால்தான் நம்புவது என்று கடை அமைக்கப்பட்டிருந்தது. கேட்வே தானாகவே கடைக்குச் செய்தி அனுப்ப வெப்ஹுக் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதை நிரப்பாமல் விட்டிருந்தான் பையன். பதினேழாவது ஐந்நூறு மீண்டும் வந்துவிட்டதே என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் இம்முறை கேட்வேயின் ஏட்டில் அம்மையாரின் பெயர், வேண்டுகோள் எண், நேரம் எல்லாம் இருந்தன. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்து அவருக்கே அழைத்துச் சொன்னாள். அன்றே வெப்ஹுக்கும் நிரப்பப்பட்டது. வாசகர்களுக்கும் ஒரு பயனுள்ள செய்தி: யு.பி.ஐ. வழியே கடைக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாள்களுக்குள் தானே திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி பணித்திருக்கிறது.

கட்டணம் பற்றியும் தாமதம் பற்றியும் நமக்கு முறையீடு உண்டு. யு.பி.ஐ. பணத்துக்கு வணிகரிடம் பெறும் வங்கிக் கட்டணம் 2020 சனவரி முதல் தேதியிலேயே நீக்கப்பட்டது. எனினும் இடையில் நிற்கும் நிறுவனம் தன் சேவைக்கு நூற்றுக்கு இரண்டு வாங்குகிறது. அதன்மேல் பதினெட்டு விழுக்காடு வரி. ஐந்நூறில் பதினொரு ரூபாய் எண்பது காசு போய், 488 ரூபாய் 20 காசு கைக்கு வரும். அதுவும் இரண்டு வேலைநாள் கழித்து. சனிக்கிழமை விற்றது செவ்வாயோ புதனோ வரும். வாங்குபவர் முறையிட்டால் திருப்பித் தர வேண்டுமே என்று காரணம் சொல்கிறார்கள், காரணம் நியாயமே. ஆயினும் பெரிய கடைக்கு இரண்டு நாள் என்பது ஒன்றுமில்லை. புளி தட்டும் பெண்ணுக்கு அது இரண்டு நாள் உலை. கூலியாளின் கூலி விடியும் வரை உன்னிடம் தங்கக்கூடாது என்னும் பொருள்பட லேவியர் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. திராட்சைத் தோட்ட உரிமையாளரும் மாலையிலேயே கூலி கொடுக்கச் சொல்கிறார். இதை அவளிடம் சொல்லத் தயங்கினோம். புதிய தொழிலில் பாரம் ஏற்றுவானேன் என்று. அவளோ முன்பே முடிவு செய்திருந்தாள். ஓசூரில் சேர்த்த பணத்தைத் தனியே எடுத்து வைத்து, கேட்வே பணம் எப்போது வந்தாலும் சரி, பெண்களுக்குக் கூலி அன்றன்று மாலை. “எங்கம்மா சனிக்கிழமை கூலிக்குத் திங்கள் வரைக்கும் நின்னதைப் பாத்திருக்கேன், ஃபாதர்” என்றாள்.

நம் மாவட்டம் பழைய தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண மலைகளைத் தாண்டி வந்த பெருஞ்சித்திரனார் என்னும் புலவரை, அரசன் நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். முகம் பாராமல் தந்ததை ஏற்க நான் வாணிகம் செய்ய வந்தவனல்லன், தகுதியறிந்து தருவதானால் தினையளவும் போதும் என்று புலவர் மறுத்துவிட்டதைப் புறநானூற்றின் 208ஆம் பாட்டு சொல்கிறது. முகம் காணாத கொடுக்கல் வாங்கல் வாணிகத்துக்கே உரியது என்று அன்றே நினைத்திருக்கிறார்கள் போலும். இப்பெண் அதையும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பொட்டலத்திலும் வாங்குபவர் பெயரைத் தன் கையால் தமிழில் எழுதி, அந்தப் புளியைத் தட்டிய பெண்ணின் பெயரையும் கீழே எழுதுகிறாள். அச்சிட்ட சீட்டுப் போதாதா என்று கேட்டோம். சிரித்தாளேயொழிய விடை சொல்லவில்லை. சிலர் இரண்டாம் முறை வாங்கும்போது, போன தடவை தட்டிய அம்மாவே தட்டட்டும் என்று எழுதுகிறார்களாம்.

சித்திரை இறுதியில் பருவம் முடிந்தது. கடைசி வாரத்து வேண்டுகோள்களை நமக்குக் காட்ட வந்தாள். பட்டியலில் பெங்களூர்ப் பெரியவரின் பெயர் இருந்தது. மருமகன் கணக்கன்று, அவருடைய சொந்தப் பெயர், சொந்தக் கைப்பேசி. இரண்டு கிலோ, ஐந்நூறு ரூபாய். விற்பவருக்குச் செய்தி எழுதும் கட்டத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘இது புளிக்கு.’